கோதிக் தேவாலயத்தில் முதலில் வந்தது ஒளியா, கல்லா?

கேள்வி இதுதான்: கோதிக் பாணித் தேவாலயங்கள் எங்கே, எப்படித் தொடங்கின? ஒளியைக் கடவுளின் சாயலாகக் கண்ட இறையியலால்தான் அவ்வளவு பெரிய ஜன்னல்கள் வந்தனவா? இல்லை, கொத்தனார்கள் பெரிய ஜன்னல் வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு பாதிரிமார் அதற்கு ஒரு தத்துவம் சொன்னார்களா?

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒளி பற்றிய அந்த இறையியல் கோதிக்கைவிடப் பல நூற்றாண்டு பழையது. கூர்வளைவும், விலா எலும்புபோல் கூரையைத் தாங்கும் கல் வளைவும்கூட கோதிக்குக்கு முன்பே இருந்தவைதான். இவை மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்தது 1140-க்கும் 1144-க்கும் இடையில், பாரிஸுக்கு வடக்கே ஒரு மடத்துக் கோயிலில். அங்கே வேலையைத் தொடங்கி வைத்தது தத்துவம் என்பதைவிட, இடம் போதவில்லை என்ற புகார் என்பதே சரி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமைச் சூறையாடிய பழங்கால ஜெர்மானியக் கூட்டமான கோத் இனத்தாருக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர்கள், ரோமானிய முறைக்கு வெளியே இருந்ததையெல்லாம் காட்டுமிராண்டிகளின் வேலை என்று இளக்காரமாகச் சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட வசைப்பெயர் அது. 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இதையே ‘பிரெஞ்சு வேலை’ என்று குறித்திருக்கிறார்கள். அதுதான் பொருத்தமான பெயர். இன்னொன்று, நாம் பார்த்துப் பழகிய சாந்தோம் பேராலயமும் (1896) புதுச்சேரி திருஇருதய ஆலயமும் (1907) 19-ஆம் நூற்றாண்டின் கோதிக் மறுமலர்ச்சியைச் சேர்ந்தவை. கூர் ஜன்னல், கூர் கோபுரம் எல்லாம் அதே சாயல்தான். ஆனால் கீழே சொல்லப்போகும் கட்டுமானச் சிக்கல்களுக்கு விடை தேடி எழுந்தவை அல்ல. விடை தெரிந்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு கட்டியவை.

அந்த மடத்தின் பெயர் சேன்-தெனி. பாரிஸின் முதல் ஆயராகக் கருதப்படும் புனித தெனியின் கல்லறைமேல் எழுந்தது. பிரெஞ்சு அரசர்களை அடக்கம் செய்த இடமும் அதுவே. 1122 முதல் 1151-இல் இறக்கும்வரை அதன் மடாதிபதியாக இருந்தவர் சூஜே. ஆறாம் லூயிக்கும் ஏழாம் லூயிக்கும் ஆலோசகர். ஏழாம் லூயி சிலுவைப்போருக்குப் போனபோது நாட்டையே பார்த்துக்கொண்டவர். கணக்கு வழக்கில் கெட்டி. மடத்து நிலங்களின் வருமானத்தை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் கட்டடத்தில் கை வைத்தார். முக்கியமாக, செய்ததையெல்லாம் எழுதியும் வைத்தார். அந்தக் காலத்தில் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் ஏன் கட்டினேன் என்று எழுதி வைப்பது அபூர்வம்.

அவர் சொல்லும் காரணம் கூட்டம். திருவிழா நாள்களில் திருப்பண்டங்களை, அதாவது புனிதர்களின் எலும்பு போன்ற நினைவுப் பொருள்களை, தொட்டு வணங்க வந்தவர்கள் பழைய கோயிலுக்குள் நெருக்கி, அசையக்கூட முடியாமல் நின்றார்களாம். பெண்கள் ஆண்களின் தலைமேல், தரையில் நடப்பதுபோல் நடந்து பீடத்துக்குப் போனார்களாம். திருப்பண்டங்களைக் காட்டிக்கொண்டிருந்த துறவிகள் நெரிசல் தாங்காமல் அவற்றோடு ஜன்னல் வழியாக ஓடினார்களாம். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார், நிதி கேட்பவர் எழுத்து அப்படித்தான் இருக்கும். ஆனாலும் குறை உண்மையானது.

முதலில் மேற்கு முகப்பை விரித்தார். அது 1140 ஜூன் 9 அன்று அருட்பொழிவு பெற்றது. அடுத்த மாதமே, ஜூலை 14 அன்று, கிழக்குப் பகுதிக்கு அடிக்கல். 1144 ஜூன் 11 அன்று ஏழாம் லூயி, அரசி எலியனோர் முன்னிலையில் அந்தப் பகுதி திறக்கப்பட்டது. கட்ட ஆன காலம் 3 ஆண்டு 3 மாதம் என்கிறார் சூஜே. அந்த அளவு கல் வேலைக்கு அது அசுர வேகம்.

அந்தக் கிழக்குப் பகுதியின் தரைப்படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவில் பீடம். அதைச் சுற்றி அரைவட்டமாக ஒரு நடைபாதை, அதற்கும் வெளியே இன்னொன்று. வெளிப்பாதையை ஒட்டி விசிறிபோல் ஏழு சிற்றாலயங்கள். யாத்திரிகர்கள் ஒரு பக்கம் நுழைந்து பீடத்தைச் சுற்றி மறுபக்கம் வெளியேற இப்படி அமைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் முன்பெல்லாம் ஒவ்வொரு சிற்றாலயமும் தடித்த சுவரால் மூடிய தனி அறை. சேன்-தெனியில் அந்த இடைச்சுவர்களை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சிற்றாலயத்தின் கூரையும் அதன் முன்னாலுள்ள வெளிப்பாதையின் கூரையும் ஒன்றாகி, ஐந்து விலாக்கள் ஓர் உச்சியில் கூடும் ஒரே கூரையாயின. பாதைகளுக்கு நடுவே சுவருக்குப் பதில் மெல்லிய ஒற்றைக்கல் தூண்கள். ஒவ்வொரு சிற்றாலயத்திலும் இரண்டு உயரமான ஜன்னல். ஆக ஏழிலும் 14. நடுவில் நிற்பவருக்குச் சுற்றிலும் கண்ணாடி வளையம் ஒன்று தெரியும். சூஜே இதை எழுதும்போது பயன்படுத்திய சொற்கள்: ‘வியப்பூட்டும், இடையறாத ஒளி’. இரண்டாவது சொல்தான் கட்டடக்காரருடைய சொல். ஒளி இடையறாமல் இருக்க வேண்டுமானால் நடுவில் சுவர் நிற்கக் கூடாது.

அங்கே போகிறவர்கள் படி இறங்கி நிலவறையையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில், அதே கைகள் கட்டியது. மேலே உள்ள சிற்றாலயங்களுக்கு நேர் கீழே சிற்றாலயங்கள். ஆனால் சுவர் தடி, வளைவுகள் அரைவட்டம், உள்ளே இருட்டு. மேல்தளச் சுமை முழுவதையும் தாங்க வேண்டிய இடத்தில் பழைய முறையை நம்பினார்கள், ஒளி வேண்டிய இடத்தில் புதியதை முயன்றார்கள்.

அந்தப் புதிய முறையின் பாகங்கள் வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவை. கூர்வளைவு இஸ்லாமிய நாடுகளில் நெடுங்காலமாக இருந்தது. பர்கண்டியில் 1088-இல் தொடங்கிய குளூனி மடத்தின் மூன்றாவது கோயிலில் வரிசையாக வைத்திருந்தார்கள். விலா வளைவுக் கூரையை 1093-இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தில் பெரிய அளவில் போட்டுப் பார்த்திருந்தார்கள். ஆனால் டர்ஹம் சுவர்கள் கோட்டைச் சுவர்கள் மாதிரி. விலா இருந்தும் அதன் பலனை ஜன்னலுக்குத் திருப்பிவிடவில்லை.

கூர்வளைவில் அப்படி என்ன லாபம்? அழகு பிறகு. முதல் லாபம் கணக்கில். கூரையில் நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் 6 மீட்டருக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் 10 மீட்டர். எல்லா வளைவையும் அரைவட்டமாகப் போட்டால் உயரம் அகலத்தில் பாதி. 6 மீட்டர் பக்கத்து வளைவு 3 மீட்டர் எழும், 8 மீட்டர் பக்கத்தது 4 மீட்டர், மூலைவிட்ட வளைவு 5 மீட்டர். மூன்று உச்சியும் மூன்று மட்டத்தில் நிற்கும். கூரை நடுவில் குமிழ்போல் உப்பும், பக்கத்தில் ஜன்னலுக்கு இடம் குறையும். சரிக்கட்ட, சிறிய வளைவுகளைக் குட்டைக்கால் வைத்துத் தூக்க வேண்டும், அல்லது கட்டங்களைச் சதுரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். விசிறி வடிவத் தரைப்படத்தில் சதுரத்துக்கு எங்கே போவது?

இப்போது கூர்வளைவு. வில் வரையும் கயிற்றின் நீளத்தை, அதாவது ஆரத்தை, 5 மீட்டராகவே வைத்துக்கொண்டு எல்லா வளைவையும் வரைவோம். மூலைவிட்டத்துக்கு அது அரைவட்டம், உயரம் 5 மீட்டர். 8 மீட்டர் அகலத்துக்கு அதே 5 மீட்டர் ஆரத்தில் இரண்டு பக்கமிருந்தும் வில் வரைந்தால், அவை 4.9 மீட்டர் உயரத்தில் கூடும். 6 மீட்டர் அகலத்துக்கு 4.58 மீட்டர். 3, 4, 5 என்று கலைந்து நின்றவை ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. இன்னொரு லாபமும் உண்டு: மூன்று வளைவுக்கும் ஆரம் ஒன்று என்பதால், கல் செதுக்குபவருக்கு ஒரே அச்சுப் பலகை போதும். பட்டறையில் குவித்து வைத்த கற்களில் எதை எடுத்தாலும் எந்த விலாவிலும் பொருந்தும்.

இரண்டாவது லாபம் உதைப்பில். எந்த வளைவும் தன் கால்களை வெளிப்பக்கம் தள்ளும். அகலமும் சுமையும் மாறாதபோது, வளைவு உயர உயர அந்தத் தள்ளல் குறையும். 10 மீட்டர் அகல அரைவட்டம் 5 மீட்டர் எழுகிறது. அகலத்தையே ஆரமாகக் கொண்ட கூர்வளைவு சுமார் 8.7 மீட்டர் எழும். நீளம் கூடுவதால் கல்லின் எடை கொஞ்சம் ஏறும். அதைக் கழித்தாலும் தள்ளல் கணிசமாகக் குறைகிறது.

மூன்றாவது லாபம் சாரத்தில். தளம் போட்டு வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், சென்ட்ரிங்கும் அது நிற்க வேண்டிய நாளும்தான் பணத்தை விழுங்கும். பழைய கல் கூரைக்கு முழுப் பரப்புக்கும் மரப் பலகை கொடுக்க வேண்டும். விலாக் கூரைக்கு முதலில் விலாவுக்கு அடியில் மட்டும் மரச் சட்டம். அதற்கும் முன்னால், வளைவு தொடங்கும் இடத்தில் சில வரிசைக் கற்களைச் சுவரோடு சேர்த்துப் படுக்கைவாட்டில், ஒன்றுக்குமேல் ஒன்று சற்றே நீட்டி வைப்பார்கள். அதுவரைக்கும் சட்டமே தேவையில்லை. பிறகு இரு பக்கமும் சமமாகக் கல்லேற்றி, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்குவார்கள். விலாக்கள் நின்றதும் அவற்றுக்கு இடைப்பட்ட முக்கோணப் பள்ளங்களைச் சிறு கற்களால் வரிசை வரிசையாக மூடுவார்கள். இதற்கு லேசான பலகை போதும். பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் இப்படி மூடிய கல் ஓடு ஒரு சாண்கூடக் கனமில்லை. கடைசியில், விலாக்கள் சுவரோடு சேரும் பள்ளங்களில் உடைகல்லும் சாந்தும் போட்டு நிரப்ப வேண்டும். இதை அலட்சியம் செய்தால் தள்ளல் போகும் பாதை கல்லுக்கு வெளியே போய்விடும்; வளைவு இடுப்பில் பிளந்து உச்சி தொங்கும்.

இதில் வரும் சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். சட்டத்தைச் சீக்கிரம் பிரித்தால் மூட்டுகள் நசுங்கி வளைவு உட்காரும். கொஞ்சம் உட்கார்ந்தால் பரவாயில்லை. ஈரமான சுண்ணாம்பு வளைந்துகொடுத்துப் புதிய நிலைக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். அதிகம் உட்கார்ந்தால் அவ்வளவுதான். குளிர்காலத்தில் வேலையை நிறுத்தி, பாதி எழுந்த சுவர்களின் தலையை வைக்கோலாலும் சாணத்தாலும் மூடினார்கள். சாந்துக்குள் நீர் உறைந்தால் வசந்தத்தில் அது பொடியாக உதிரும்.

சேன்-தெனியில் இந்த இடைப்பட்ட நிலையில் ஒரு ஆபத்து வந்தது. ஒரு ஜனவரியில், மடத்தின் பழைய புரவலரான டகோபேர் அரசரின் நினைவுப் பூசையை ஷார்த்ர் ஆயர் ஜெஃப்ரி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது புயல். மேல் வளைவுகள் சாரமோ முட்டோ இல்லாமல், ஒன்றோடொன்று இணைக்கப்படாமல், தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன. காற்றில் அவை ஆடியதைக் கண்ணால் பார்த்ததாகச் சூஜே எழுதுகிறார். ஆயர் புனித சிமியோனின் கையெலும்பை வளைவுகளை நோக்கி நீட்டினாராம். பக்கத்தில் உறுதியான கட்டடங்கள் சேதமாயின, வளைவுகள் விழவில்லை. அவருக்கு அது அற்புதம். நமக்கோ, இடைப்பகுதியை மூடும் முன்பே வளைவுகளைத் தனியாக எழுப்பி நிறுத்தினார்கள் என்பதற்கு நேரில் கண்டவர் தரும் சாட்சி. ஒரு குறை சொல்லியாக வேண்டும்: மரம், கல், புயல் எல்லாவற்றையும் பற்றி எழுதிய மனிதர், இந்தக் கணக்கைப் போட்ட தலைமைக் கொத்தனாரின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இப்போது ஒளி. சேன்-தெனி நூலகத்தில் ஒரு கிரேக்கக் கையெழுத்துப்படி இருந்தது. 827-இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மிக்கேல் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிய பரிசு. கடவுள் அணுக முடியாத ஒளி. அதிலிருந்து படிப்படியாக ஒழுகும் கதிர்களே படைப்பு முழுவதும். கண்ணால் காணும் ஒளியைப் பிடித்துக்கொண்டு காணாத ஒளிக்கு ஏறலாம் என்று பேசுகிறது அது. எழுதியவர் கி.பி. 500-ஐ ஒட்டிச் சிரியாப் பக்கம் வாழ்ந்த, பெயர் தெரியாத ஒருவர். பவுலால் மனம் மாறிய ஏதென்ஸ் நீதிபதி தியோனீசியுவின் பெயரைச் சூட்டிக்கொண்டார். தியோனீசியு என்பதன் பிரெஞ்சு வடிவம்தான் தெனி. 9-ஆம் நூற்றாண்டில் சேன்-தெனி மடாதிபதி ஹில்துவான் ஏதென்ஸ் நீதிபதி, சிரியா எழுத்தாளர், பாரிஸ் ஆயர் மூவரையும் ஒரே ஆளாக்கி வரலாறு எழுதிவிட்டார். 1121 வாக்கில் அதே மடத்தில் துறவியாக இருந்த தத்துவவாதி அபெலார் ‘இவர் அவரில்லைபோல் இருக்கிறதே’ என்று வாயைத் திறந்து, மடத்தைவிட்டே ஓட நேர்ந்தது. ஆக ஒளியின் இறையியல் இந்த மடத்தின் சொந்தச் சொத்து, குலதெய்வமே எழுதியது என்று நம்பினார்கள்.

சூஜே இந்த மொழியில் பேசுகிறார் என்பதில் சந்தேகமில்லை. பொன்முலாம் பூசிய வெண்கலக் கதவில் அவர் பொறித்த வரிகளில் ஒன்று: மந்தமான மனம் பொருள்களின் வழியாகவே மெய்ம்மைக்கு எழுகிறது. புதிய கிழக்குப் பகுதி பழையதோடு சேரும்போது கோயிலின் நடு ஒளிரும், புதிய ஒளி பாய்ந்த இந்த வேலை ஒளிரும் என்று இன்னொரு பொறிப்பு. பீடத்தின் ரத்தினங்களைப் பார்த்து நிற்கையில், மண்ணின் சேற்றிலும் இல்லாமல் விண்ணின் தூய்மையிலும் இல்லாமல் நடுவே ஏதோ ஒரு தேசத்தில் நிற்பதுபோல் தோன்றியது என்றும் எழுதினார்.

இதையெல்லாம் வைத்து, தியோனீசியுவின் தத்துவத்தைக் கல்லில் வடித்ததுதான் கோதிக் என்ற கருத்தை 1946-இல் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி பரப்பினார். பாடநூல்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. 1980களில் எதிர்ப்பு வலுத்தது: சூஜே தத்துவவாதியே இல்லை, அவர் சொற்கள் அன்றைய வழிபாட்டுப் பாடல்களிலும் விவிலியத்திலும் எங்கும் கிடப்பவை, தியோனீசியுவைப் படித்தார் என்பதற்கே நேர்ச் சான்று இல்லை என்றார்கள். எனக்கு இரண்டாம் கட்சியே நெருக்கம். ‘உலகின் ஒளி நானே’ என்ற யோவான் 8:12 ஒவ்வொரு துறவிக்கும் மனப்பாடம். திருவெளிப்பாடு 21-இல் வரும் விண்ணக எருசலேமின் மதில் சூரியகாந்தக் கல், அடித்தளங்கள் பன்னிரண்டு ரத்தினம். சூஜே தம் பன்னிரண்டு தூண்களைப் பன்னிரு திருத்தூதர் என்கிறார். ரத்தினச் சுவர் வேண்டும் என்று ஆசைப்பட இவையே போதும். தத்துவம் கூர்வளைவைக் கண்டுபிடிக்கவில்லை. மிச்சமான சுவரை என்ன செய்வது என்று சொன்னது.

ஏனென்றால் அதே நூற்றாண்டில், அதே வளைவுகளைப் பயன்படுத்திய இன்னொரு கூட்டம் நேர் எதிராக முடிவெடுத்தது. எளிமையை வற்புறுத்திய துறவி பெர்நார்தைப் பின்பற்றிய சிஸ்டெர்சிய சபைத் துறவிகள், ஜன்னல் கண்ணாடி வெள்ளையாக, சிலுவையோ படமோ இல்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அவர்கள் கோயில்களில் இன்றும் சாம்பல் கலந்த வெள்ளை ஒளி. ஒளியை விரும்பினால் வண்ணக் கண்ணாடியில்தான் முடியும் என்பதில்லை.

வண்ணக் கண்ணாடிக்குப் போவோம். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற துறவி செய்முறையை எழுதியிருக்கிறார். ‘பீச்’ மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. சூளையில் உருக்கி, ஊதி, உருளையாக நீட்டி, வெட்டி விரித்துத் தகடாக்க வேண்டும். நிறம் மேலே பூசுவது இல்லை, உருகும்போதே கலப்பது. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு, ஊதாவுக்கும் சதை நிறத்துக்கும் மாங்கனீசு. செம்புச் சிவப்பு அடர்த்தி தாங்காது. முழுத் தகடும் சிவப்பாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் நிறமற்ற கண்ணாடிக்குள் மெல்லிய சிவப்பு அடுக்குகளாக வைத்தார்கள்.

சுண்ணாம்பு தடவிய மேசைப் பலகையில் ஜன்னலின் படத்தை முழு அளவில் வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கீறிப் பிளப்பார்கள். வைர ஊசி அப்போது கிடையாது. ஓரத்தைக் கொக்கி இரும்பால் கடித்துக் கடித்துச் சரிசெய்வார்கள். முகம், துணி மடிப்பு போன்ற கோடுகளை மட்டும் உலோகத் தூளும் அரைத்த கண்ணாடியும் ஒயினிலோ சிறுநீரிலோ குழைத்த கறுப்பு மையால் தீட்டிச் சுடுவார்கள். பிறகு துண்டுகளை ஈயப் பட்டையில் செருகிப் பற்றவைப்பார்கள். ஈயம் மெத்தென்றது, பெரிய பரப்பு தன் எடையிலேயே தொய்ந்துவிடும். ஆகவே ஜன்னலைச் சிறு சட்டங்களாகப் பிரித்து, கல்லில் பதித்த இரும்புக் கம்பிகளில் பூட்டுவார்கள். தூரத்திலிருந்து கறுப்புக் கோடாகத் தெரிபவை இந்த ஈயமும் இரும்பும்தான். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் நீலம் பக்கத்து நிறங்கள்மேல் வழிந்து படத்தையே கரைத்துவிடும்.

நீலத்துக்குத் தனிக் கதை உண்டு. சேன்-தெனி, பிரான்சின் ஷார்த்ர் பேராலயம், இங்கிலாந்தின் யார்க் பேராலயம் மூன்று இடத்திலும் 12-ஆம் நூற்றாண்டு நீலத்தில் மரச்சாம்பலின் பொட்டாஷுக்குப் பதில் சோடா இருப்பதை ஆய்வுகள் காட்டின. பிரெஞ்சுக்காரர்கள் பழங்கால நீலப் பாத்திரங்களையும் மொசைக் துண்டுகளையும் உருக்கிச் சேர்க்கிறார்கள் என்று தியோஃபிலஸ் எழுதியதோடு இது பொருந்துகிறது. சூஜே நீலமணிப் பொருள் என்று பெருமைப்பட்டதற்குப் பலன் இன்று தெரிகிறது: பொட்டாஷ் கண்ணாடியில் ஈரம் பட்டால் பொட்டாசியம் கசிந்து வெளியேறும், மேற்பரப்பில் குழி விழும், வெள்ளைப் பொருக்கு கட்டும். சோடா நீலம் பக்கத்திலேயே பளபளவென்று நிற்கும். இப்போது பழைய கண்ணாடிக்கு வெளியே இன்னொரு காப்புக் கண்ணாடி போட்டு, இடையில் காற்றோட்டம் விடுகிறார்கள். மழையும் உள்ளே படியும் ஈரமும் பழையதைத் தொடாது. பராமரிப்பு என்ற கவலை அன்றே இருந்தது. சூஜே தம் ஜன்னல்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு கைவினைஞரை நியமித்தார். அப்படியிருந்தும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சியவற்றில், வானதூதர் மரியாளுக்கு இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் மங்கள வார்த்தைக் காட்சி ஒன்றில், மரியாளின் காலடியில் குப்புற விழுந்துகிடக்கும் குட்டி உருவம் ஒன்று, தலைமேல் பெயரோடு: சூஜே.

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். ஜன்னல் பெரிதானதால் கோயில் வெளிச்சமாயிற்று என்பார்கள். ஷார்த்ருக்குள் நுழைந்தால் முதல் சில நிமிடம் எதிரே இருப்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது. 1194 ஜூன் தீ விபத்துக்குப் பின் எழுந்த அந்தப் பேராலயத்தில் சுமார் 2,600 சதுர மீட்டர் கண்ணாடி இருக்கிறது. ஆனால் அடர்ந்த நீலமும் சிவப்பும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. அவர்களுக்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, ஒளிர்வு. தரையில் புத்தகம் வாசிக்கும் அளவு வெளிச்சம் விழ வேண்டியதில்லை. சுவரே உள்ளிருந்து எரிவதுபோல் தெரிந்தால் போதும். கண்ணாடியை உடைக்காமல் அதன் வழியே போகும் கதிரை, கன்னிமை கெடாமல் மரியாள் ஈன்றதற்கு உவமையாகப் போதகர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஷார்த்ரின் கரிய சுவர்களைப் பார்த்து அந்த இருட்டும் கோதிக்கின் ஒரு பகுதி என்று கவிதை எழுதியவர்களும் உண்டு. 2009-இல் தொடங்கிய சீரமைப்பில் அந்தக் கருமை மெழுகுவத்திப் புகையும் தூசும் என்று தெரிந்தது; அடியில் 13-ஆம் நூற்றாண்டின் வெளிர் காவிப் பூச்சும், அதன்மேல் வெள்ளையில் வரைந்த போலிக் கல்மூட்டுகளும் வெளிப்பட்டன. சுத்தம் செய்ததற்கு எதிர்ப்பும் பலமாக எழுந்தது. வெளிர் சுவர் ஒளியைத் திருப்பியடிப்பதால் கண்ணாடியின் எரிப்பு மங்குகிறது என்பது எதிர்ப்பாளர்களின் நியாயமான வாதம். ஆனால் கட்டியவர்கள் பார்த்தது அந்த வெளிர் சுவரைத்தான்.

உயரம் கூடியபோது இன்னொரு பாகம் தேவைப்பட்டது. நடுக்கூடத்தின் கூரை பக்கக்கூடங்களுக்கு மேலே எழுந்துவிட்டால், அதன் தள்ளலைத் தாங்க அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை. வெளியே கட்டிய பெரிய முட்டுத்தூணிலிருந்து, பக்கக்கூடத்தின் கூரையைத் தாண்டி, அந்தரத்தில் பாய்ந்து மேல்சுவரில் சாயும் அரைவளைவு ஒன்றை வைத்தார்கள். இதையே பறக்கும் முட்டு என்கிறோம். 12-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பாரிஸ் வட்டாரத்தில் பரவியது. கூரையின் தள்ளல், காற்று இரண்டும் இதன் வழியே வெளியேறுவதால், முட்டுகளுக்கு இடைப்பட்ட சுவரை முழுக்க எடுத்துவிடலாம். பல இடங்களில் இதன் முதுகிலேயே வாய்க்கால் வெட்டி மழைநீரை விலங்குமுகத் தூம்புகளுக்குக் கொண்டுபோனார்கள்.

பாரிஸ் நோத்ர்தாமில் முதலில் மேல் ஜன்னல்கள் சிறியவை. 33 மீட்டர் உயரக் கூடம் இருண்டே கிடந்தது. 1220களில் ஜன்னல்களைக் கீழ்ப்பக்கம் வெட்டி நீட்டினார்கள். பிறகு பிரெஞ்சுப் பேராலயங்களுக்குள் கூரை உயரத்தில் போட்டி: ஷார்த்ர் சுமார் 37 மீட்டர், அமியான் 42, போவே 48. 1272-இல் முடிந்த போவேயின் கூரை 1284-இல் இடிந்தது. தூண்களின் இடைவெளி அதிகம். திருப்பிக் கட்டியபோது நடுநடுவே கூடுதல் தூண் நுழைத்தார்கள். பிறகு அதே கோயிலில் 150 மீட்டரைத் தாண்டும் கோபுரத்தை எழுப்பினார்கள்; அது 1573-இல் விழுந்தது. அந்தக் கோயிலுக்கு நடுக்கூடம் இன்றுவரை கிடையாது.

இரும்பின் பங்கை யாரும் சொல்வதில்லை. ஒன்பதாம் லூயி இயேசுவின் முள்முடித் திருப்பண்டத்துக்காகப் பாரிஸில் கட்டி 1248-இல் திறந்த சேன்ட்-ஷப்பேல் சிற்றாலயத்தில், 15 மீட்டர் உயர ஜன்னல்களுக்கு நடுவே கல் வெறும் கோடாகத் தெரியும். கட்டடத்தைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டைகள் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகள்போல் வேடமிட்டு ஜன்னலின் குறுக்கே ஓடுகின்றன. நோத்ர்தாமில் 2019 தீக்குப் பிறகு நடந்த ஆய்வில், 1160களிலிருந்தே கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தது தெரிய வந்தது. கல்லும் ஒளியும் மட்டும் சேர்ந்து செய்த அற்புதம் என்ற பேச்சில் கொல்லரை மறந்துவிடுகிறோம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் கிழக்குப் பக்கம், நண்பகலில் தெற்கு, மாலையில் மேற்கு. வடக்கு ஜன்னல்களில் நேர் வெயில் படாது. நாள் முழுவதும் நிறம் மாறாமல் நிற்கும். உள்ளே போனதும் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். கதை சொல்லும் ஜன்னல்களைப் பெரும்பாலும் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். மேகமூட்டமான நாள் என்று வருந்த வேண்டாம். வெயிலில் சிவப்பு முந்தும். வெளிச்சம் குறையக் குறைய சிவப்பு முதலில் கறுத்துப்போகும். அந்தி நேரத்தில் சுற்றிலும் எல்லாம் அணைந்த பிறகும், நீலம் மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருக்கும்.